கப்பலில் வரும் எண்ணெயும் நமது கடைத்தெருவின் விலையும்

(ஜமாஅத் ஆண்டுப் பொதுக்கூட்டத்தில் நிகழ்த்தப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)

 

இன்று நாம் சமையல் எண்ணெயைப் பற்றிப் பேசப் போகிறோம். பள்ளிவாசல் மேடையில் எண்ணெய்க்கு என்ன வேலை என்று சிலர் எண்ணக்கூடும். காரணத்தை முதலில் கூறிவிடுகிறோம்.

ரமலானில் வறிய குடும்பங்களுக்கு வழங்கும் மளிகைப் பொட்டலம் குறித்துக் கமிட்டி கூடியபோது, அதில் எந்த எண்ணெயை வைப்பது என்ற ஒரு கேள்வி எழுந்தது. ஒரு சாரார் பாமாயில் என்றனர். மற்றொரு சாரார், நம் ஊர்ச் செக்கில் ஆட்டிய கடலை எண்ணெய் என்றனர். செக்கு வைத்திருப்பவரும் நம் மஹல்லாவைச் சேர்ந்தவரே. தொழில் நலிந்து நிற்பவர். ஆனால் எண்ணெய்க்கென ஒதுக்கிய தொகையில் செக்கெண்ணெய் வாங்கினால், பாதிக் குடும்பங்களுக்கே எட்டும் என்று பொருளாளர் கணக்குக் காட்டினார். பேச்சு நீண்டது, குரல்கள் உயர்ந்தன. இறுதியில் நம்மிடம் கருத்துக் கேட்டனர். உடனே பதில் சொல்ல இயலவில்லை. ஏனெனில் அந்த அறையில் பேசப்பட்டது ஒரு பொட்டலத்தின் கேள்வி மட்டுமன்று. இந்த நாடு முப்பது ஆண்டுகளாகத் தனக்குத்தானே கேட்டுக்கொண்டிருக்கும் கேள்வியே அங்கும் எழுந்தது. வெளிநாட்டுச் சரக்கு மலிவாக வரும்போது வாங்குபவர் மகிழ்கிறார், விளைவிப்பவர் வாடுகிறார். இருவரும் நம்மவரே. எவர் பக்கம் நிற்பது?

கதவு திறந்த கதை

நாம் மதரஸாவில் ஓதிக்கொண்டிருந்தது 1990களின் பின்பகுதியில். மதரஸாவின் சமையற்கட்டில் மூலையில் எப்போதும் ஓர் எண்ணெய் டின் இருக்கும். நாம் சேர்ந்த ஆண்டில் அது கடலை எண்ணெய். ஓதி முடிக்கும் முன்னரே அது பாமாயிலாக மாறிவிட்டது. சமையற்காரப் பெரியவர் சில நாட்கள் முணுமுணுத்தார், பின்னர் பழகிக்கொண்டார். பலகாரம் மட்டும் முன்னைவிட அடிக்கடி கிடைத்தது. எதனால் இந்த மாற்றம் என்று அந்த வயதில் நாம் சிந்திக்கவில்லை. பிற்காலத்தில் படித்தறிந்தபோதுதான் அந்த டின்னின் பின்னால் ஒரு பெரும் வரலாறு இருப்பது விளங்கிற்று.

1986ஆம் ஆண்டு மத்திய அரசு எண்ணெய் வித்துகளுக்கென ஒரு தொழில்நுட்ப இயக்கத்தைத் தொடங்கியது. நல்ல விதை, விவசாயிக்கு ஊக்க விலை, இறக்குமதிக்குக் கடும் கட்டுப்பாடு என்ற மூன்றும் சேர்ந்து, 1990களின் தொடக்கத்தில் இந்நாடு சமையல் எண்ணெயில் ஏறத்தாழத் தன்னிறைவை எட்டியது. அதனை மஞ்சள் புரட்சி என்று அழைத்தனர். 1994இல் பாமாயில் இறக்குமதிக்கு உரிமக் கட்டுப்பாடு நீக்கப்பட்டது. 65 விழுக்காடு வரி செலுத்தி எவரும் கொண்டுவரலாம் என்றாயிற்று. 1995 ஜனவரியில் உலக வர்த்தக அமைப்பு நடைமுறைக்கு வந்தது. வரி படிப்படியாக இறங்கி 1998இல் 15 விழுக்காடு ஆயிற்று. மதரஸாவின் டின் மாறியது அந்தக் காலத்தில்தான்.

இன்று உலகிலேயே சமையல் எண்ணெயை மிக அதிகமாக இறக்குமதி செய்யும் நாடு இந்தியா. 2022–23 முதல் ஆண்டுக்குச் சுமார் 160 லட்சம் டன் வருகிறது. நமது தேவையில் பாதிக்கும் மேற்பட்ட பங்கு கப்பலில் வருவதே. இந்தோனேசியாவிலிருந்தும் மலேசியாவிலிருந்தும் பாமாயில். அர்ஜென்டினாவிலிருந்தும் பிரேசிலிலிருந்தும் சோயா எண்ணெய். ரஷ்யாவிலிருந்தும் உக்ரைனிலிருந்தும் சூரியகாந்தி எண்ணெய். நம் வீட்டு அடுப்பில் ஏறும் வாணலி இத்தனை நாடுகளோடு உறவு கொண்டிருக்கிறது.

பாமாயில் ஏன் மலிவு? ஒரு ஹெக்டேர் எண்ணெய்ப்பனைத் தோட்டம், நன்கு பேணப்பட்டால், ஆண்டுக்கு மூன்று நான்கு டன் எண்ணெய் தரும். அதே நிலத்தில் நிலக்கடலை பயிரிட்டால் ஒரு டன் எண்ணெய் கிடைப்பதே அரிது. எந்த நாட்டு மண்ணுக்கு எது எளிதோ அதை அது விளைவித்து, மற்றதை மாற்றிக்கொண்டால் இரு நாடுகளுக்குமே நன்மை என்று 1817இல் டேவிட் ரிக்கார்டோ என்ற ஆங்கிலப் பொருளியலாளர் விளக்கினார். அந்த விளக்கம் இன்றும் பாடநூல்களில் நிற்கிறது. பொய்யான விளக்கம் அன்று. ஆனால் நாட்டிற்கு நன்மை என்று சொல்லும்போது, நாட்டில் எவருக்கு என்ற வினா எஞ்சுகிறது.

இலாபம் பரவுகிறது, நட்டம் குவிகிறது

சகோதரர்களே! இந்த இடத்தைச் சற்று நிதானமாகக் கவனிக்க வேண்டுகிறோம்.

மலிவு எண்ணெயால் ஒரு குடும்பம் மாதம் நூறோ இருநூறோ மிச்சம் பிடிக்கிறது. அதை எவரும் விழா எடுத்துக் கொண்டாடுவதில்லை. அது மிச்சம் என்றே பலர் அறிவதில்லை. ஆனால் அந்த மிச்சம் கோடிக்கணக்கான வீடுகளில் நிகழ்கிறது; வறியவர் வீட்டிலேயே அதன் மதிப்பு அதிகம். வருமானத்தின் பெரும்பகுதியை உணவுக்கே செலவிடுபவர்கள் அவர்களே. தமிழ்நாட்டில் நியாயவிலைக் கடையில் பாமாயில் பாக்கெட் 25 ரூபாய்க்குக் கிடைக்கிறது. அரசின் மானியம் அதற்கு ஒரு காரணம். உலகச் சந்தையில் அந்த எண்ணெய் மலிவாக இருப்பது மற்றொரு காரணம். நம் மஹல்லாவில் எத்தனை வீடுகளில் அந்த ஒரு பாக்கெட்டுக்காகக் கார்டை எடுத்துக்கொண்டு வரிசையில் நிற்கின்றனர் என்பது உங்களுக்குத் தெரியும்.

நட்டமோ இவ்வாறு பரவுவதில்லை. திருவண்ணாமலை, விழுப்புரம், வேலூர்ப் பகுதிகளின் மானாவாரி நிலத்தில் நிலக்கடலை விதைக்கும் விவசாயி, தேங்காய்க்கு விலை போகாத காலங்களில் வாடும் பொள்ளாச்சித் தோப்புக்காரர், ஊர்தோறும் இருந்த செக்குக்காரர் ஆகியோர் மீது அது மொத்தமாக இறங்குகிறது. ஒருவருக்கு மாதம் நூறு ரூபாய் மிச்சம். மற்றொருவருக்கு வாழ்வே நட்டம். ரேஷனில் பாமாயிலுக்குப் பதிலாகத் தேங்காய் எண்ணெய் வழங்குங்கள் என்று தென்னை விவசாயிகள் குரல் கொடுத்துவருவது இதனால்தான்.

நீதியோடு பேச வேண்டும். செக்குகள் மூடப்பட்டதற்கு இறக்குமதி மட்டுமே காரணம் அன்று. மழை பொய்த்தது, களை எடுக்க ஆள் கிடைக்காதது, பெரிய ஆலைகள் வந்தது, மக்களின் நாவே மாறியது என்று பல காரணங்கள் சேர்ந்துள்ளன. மலிவான அந்நியச் சரக்கு அவற்றுள் ஒன்று. ஆனால் பெரிய ஒன்று. கடலை எண்ணெய் விலையை ஏற்ற முயன்றால், வாங்குபவர் பாமாயிலுக்குத் தாவிவிடுகிறார். ஒரு பொருளின் விலைக்கு மற்றொரு பொருள் கடிவாளம் போடுகிறது. வாங்குபவருக்கு இக்கடிவாளம் பாதுகாப்பு; விற்பவருக்கு இது கழுத்துச் சுருக்கு.

வரி எவர் தலையில் விழுகிறது?

அப்படியாயின் இறக்குமதிக்கு வரி போட்டு நம் விவசாயியைக் காக்கலாமே என்று எவரும் கேட்பர். அரசும் அவ்வாறு செய்தே வந்துள்ளது. ஆனால் அந்த வரி அந்நியரின் பையிலிருந்து வருவதாகப் பலர் எண்ணுகின்றனர். அறிஞர் இப்னு கல்தூன் 1377இல் எழுதிய முகத்திமாவிலேயே, நகர வாயிலிலும் சந்தையிலும் வாங்கப்படும் வரிகள் பொருளின் விலையில் சேர்ந்துவிடுகின்றன என்பதை விளக்கியுள்ளார். அறுநூறு ஆண்டுகளுக்கும் மேலாகியும் அந்த உண்மை மாறவில்லை.

கணக்கை எளிதாக்குவோம். கப்பலிலிருந்து இறங்கும் கச்சா எண்ணெய் ஒரு லிட்டர் 100 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். 2024 செப்டம்பருக்கு முன்னர் மொத்த வரி 5.5 விழுக்காடு; ஆகவே 105 ரூபாய் 50 காசு. 2024 செப்டம்பர் 14 முதல் அடிப்படை வரி 20 விழுக்காடாகி, மொத்த வரி 27.5 விழுக்காடு ஆயிற்று. 127 ரூபாய் 50 காசு. 2025 மே மாத இறுதியில் அடிப்படை வரி 10 ஆகக் குறைக்கப்பட்டு மொத்தம் 16.5 விழுக்காடு ஆயிற்று; 116 ரூபாய் 50 காசு. மாதம் ஐந்து லிட்டர் செலவிடும் குடும்பத்திற்கு, 5.5க்கும் 27.5க்கும் இடையிலான வேறுபாடு மாதம் 110 ரூபாய்; ஆண்டுக்கு 1,320 ரூபாய். மாளிகையில் வசிப்பவரும் இதையே செலுத்துகிறார். கூலிக்குச் செல்பவரும் இதையே செலுத்துகிறார்.

சரி, விவசாயிக்கேனும் அது போய்ச் சேர்ந்ததா? இங்கேதான் ஒரு பாடம் இருக்கிறது. 2024இல் வரியை உயர்த்தியதற்கு முக்கியக் காரணம், சோயா விவசாயிகளுக்கு உரிய விலை கிடைக்காததே. அந்தப் பருவத்திற்கு அரசு அறிவித்த குறைந்தபட்ச ஆதரவு விலை குவிண்டாலுக்கு 4,892 ரூபாய். வரி உயர்ந்தது, கடையில் எண்ணெய் விலையும் உயர்ந்தது. ஆனால் அறுவடைக் காலத்தில் மண்டிகளில் சோயாவின் விலை அந்த ஆதரவு விலைக்குக் கீழேயே கிடந்தது. காரணம் என்ன? சோயாவில் எண்ணெய் ஐந்தில் ஒரு பங்குக்கும் குறைவு; மீதி பெரும்பாலும் புண்ணாக்கு. புண்ணாக்கின் விலை வீழ்ந்து கிடந்ததால், எண்ணெய் விலை ஏறியும் விதையின் விலை ஏறவில்லை. நுகர்வோர் கொடுத்தார், எந்த விவசாயிக்காக வரி உயர்த்தப்பட்டதோ அவர் கைக்கு அது முழுதாகச் சேரவில்லை. எண்ணெய் அதிகமுள்ள கடுகுக்கு நிலைமை சற்று மேலாக இருந்தது. ஒரே வரி எல்லாப் பயிருக்கும் ஒரே விதமாக உதவுவதில்லை என்பது விளங்குகிறது.

மேலும், இந்த வரி ஓரிடத்தில் நின்றதில்லை. பாமாயிலின் அடிப்படை வரியைப் பாருங்கள்: 1994இல் 65, 1998இல் 15, கச்சா எண்ணெய்க்கு 2001இல் 75, 2008இல் பூஜ்யம், 2018இல் 44, 2021 அக்டோபரில் மீண்டும் பூஜ்யம், 2024இல் 20, 2025இல் 10. விலை ஏறும்போது நுகர்வோரின் கூக்குரலைக் கேட்டு இறக்குகின்றனர். விலை வீழும்போது விவசாயியின் கூக்குரலைக் கேட்டு ஏற்றுகின்றனர். இரண்டுக்கும் நியாயம் உண்டு. ஆனால் எண்ணெய்ப்பனை நட்டால் காய்ப்புக்கு வர ஏறத்தாழ நான்கு ஆண்டுகள் ஆகும். உள்நாட்டிலேயே அதை வளர்க்க 2021 ஆகஸ்டில் 11,040 கோடி ரூபாய்த் திட்டம் அறிவிக்கப்பட்டது. இன்று நடும் மரம் காய்க்கும்போது வரி எங்கே நிற்கும் என்று தெரியாத விவசாயி, எந்தத் துணிவில் நடுவார்?

வேலியில் விழும் சந்து

வரியின் உயரம் மட்டுமின்றி, ஒரு பொருளுக்கும் மற்றொரு பொருளுக்கும், ஒரு நாட்டிற்கும் மற்றொரு நாட்டிற்கும் இடையே உள்ள வேறுபாடும் போட்டியை மாற்றிவிடும்.

இலங்கையோடு இந்தியா 1998இல் தடையிலா வணிக ஒப்பந்தம் செய்து, அது 2000 மார்ச்சில் நடைமுறைக்கு வந்தது. அதன்பின் இங்கிருந்த தொழில் முனைவோர் சிலர் இலங்கையில் வனஸ்பதி ஆலைகளை நிறுவினர். அத்தனை வனஸ்பதிக்கான பாமாயில் இலங்கையில் விளைவதில்லை. அங்கே கச்சா பாமாயிலுக்கு வரி குறைவு. அங்கே இறக்கி வனஸ்பதியாக்கி, வரியின்றி இங்கே அனுப்பினால் இலாபம். இங்குள்ள ஆலைகள் முறையிட்டன. பின்னர் அளவு வரம்பு விதிக்கப்பட்டது. இதே கதை நேபாளத்திலும் நிகழ்ந்தது. அந்த நாட்டின் ஏற்றுமதிப் பட்டியலில் சுத்திகரித்த சோயா எண்ணெய் முதலிடத்திற்கு வந்த ஆண்டுகள் உண்டு. அத்தனை எண்ணெய்க்கான சோயா அங்கே விளைவதில்லை.

கச்சா எண்ணெய்க்கும் சுத்திகரித்த எண்ணெய்க்கும் இடையிலான வரி வேறுபாடும் இவ்வாறே. 2025 மே மாதம் வரை அந்த இடைவெளி 8.25 விழுக்காடு. இந்தோனேசியா தன் பங்குக்குக் கச்சா எண்ணெயின் ஏற்றுமதிக்குக் கூடுதல் வரியும் சுத்திகரித்ததற்குக் குறைந்த வரியும் விதித்துத் தன் ஆலைகளை வளர்த்தது. ஆகவே சுத்திகரித்த எண்ணெயே இங்கு வந்து குவிந்தது. நம் துறைமுகங்களின் அருகிலிருந்த சுத்திகரிப்பு ஆலைகள் வேலையின்றி நின்றன. 2025இல் இடைவெளி 19.25 ஆக்கப்பட்டதும் கச்சா எண்ணெய் வரத்து கூடியது. திறமையினால் வெல்லும் போட்டி ஒன்று. வரிப்பட்டியலின் ஓட்டையினால் வெல்லும் போட்டி மற்றொன்று. முன்னது மக்களுக்குப் பயன் தரும். பின்னது கணக்கு வித்தகருக்கு மட்டுமே பயன் தரும்.

2022 கற்பித்த பாடம்

2022 பிப்ரவரியில் உக்ரைன் மீது ரஷ்யா படையெடுத்தது. சூரியகாந்தி எண்ணெய் வரத்து தடைப்பட்டது. உலகமே பாமாயிலின் பக்கம் திரும்பியது. மலேசியச் சந்தையில் அதன் விலை மார்ச் மாதம் டன்னுக்கு 7,000 ரிங்கிட்டைத் தாண்டியது.

இதில் வியப்புக்குரியது இந்தோனேசியாவின் நிலை. உலகிலேயே அதிகமாகப் பாமாயில் விளைவிக்கும் நாடு அது. அங்கேயே தாய்மார்கள் ஓரிரு லிட்டர் எண்ணெய்க்காக நெடிய வரிசையில் நின்றனர். வெளிநாட்டில் அதிக விலை கிடைக்கும்போது உள்நாட்டில் விற்க எவர் முன்வருவர்? அரசு ஜனவரியில் லிட்டருக்கு 14,000 ரூப்பியா என்று விலையைக் கட்டியது. அந்த விலையில் சரக்கே கடையிலிருந்து மறைந்தது. இறுதியாக ஏப்ரல் 28 அன்று ஏற்றுமதிக்கே தடை விதித்தது. அப்போது அங்குள்ள சிறு தோட்டக்காரரின் பழக்குலைகளை வாங்க ஆளில்லாமல் போயிற்று. மே மாத நடுவில் அவர்கள் ஜகார்த்தாவின் வீதிகளில் திரண்டு முறையிட்டனர். மே 23 அன்று தடை நீக்கப்பட்டது. ஒரு மாதம்கூட நீடிக்காத தடை அது.

அந்தச் சில வாரங்கள் நம் ஊர்க் கடைத்தெருவில் எவ்வாறு கழிந்தன என்பதை நாம் மறந்துவிடவில்லை. இந்தோனேசியாவில் தடை என்று தொலைக்காட்சியில் செய்தி வந்த அன்றே விலை ஏறியது. முந்தைய மாதமே வாங்கி அடுக்கிய சரக்குக்கும் புதிய விலை. சில கடைகளில் இருந்தும் இல்லை என்றனர். செப்டம்பருக்குள் உலக விலை உச்சத்திலிருந்து ஏறக்குறைய பாதியாக வீழ்ந்தது. நம் கடையில் அது அவ்வாறு வீழ்ந்ததா? ஏறும்போது ஒரே நாளில் ஏறிய விலை, இறங்கும்போது ஒவ்வொரு படியாக, ஓய்வெடுத்து ஓய்வெடுத்து இறங்கியது.

சந்தையின் ஒழுங்கு

இங்கே மார்க்கம் என்ன சொல்கிறது என்பதைச் சுருக்கமாகக் கூறிவிடுகிறோம். ஏனெனில் சந்தையே மார்க்கத்தின் ஒரு பாடம்.

மதீனாவில் விலையேறியபோது, விலையைக் கட்டித் தருமாறு சிலர் நபிகள் நாயகம் (ஸல்) அவர்களிடம் வேண்டினர். அவர்கள் அதற்கு இணங்கவில்லை. எவருடைய பொருளிலும் அநீதி இழைத்தவராக இறைவனைச் சந்திக்கத் தாம் விரும்பவில்லை என்ற கருத்தில் பதிலளித்தார்கள். ஆனால் அதே நபியவர்கள், சரக்கோடு வரும் வணிகக் கூட்டத்தை ஊருக்கு வெளியே வழிமறித்து, சந்தை விலை அறியாத நிலையில் அவர்களிடம் மலிவாக வாங்குவதைத் தடுத்தார்கள். அவ்வாறு விற்றவர் சந்தைக்கு வந்து உண்மை விலையை அறிந்தால், அந்த விற்பனையை முறிக்கும் உரிமையையும் வழங்கினார்கள். மக்களின் உணவைப் பதுக்கி விலையேற்றத்திற்குக் காத்திருப்பவனைக் கண்டித்தார்கள்.

இம்மூன்றையும் சேர்த்துப் பார்த்தால் ஒரு தெளிவு பிறக்கிறது. விலை தானாகவே உருவாகட்டும். ஆனால் அது உருவாகும் இடம் திறந்ததாகவும், செய்தி எல்லாருக்கும் எட்டுவதாகவும், சரக்கு ஒளிக்கப்படாததாகவும் இருக்க வேண்டும். விற்பவர்கள் கூடிப் பேசி மக்களை நெருக்கினால் ஆட்சியாளர் தலையிடலாம் என்று இப்னு தைமிய்யா போன்ற சட்ட அறிஞர்கள் கூறியிருப்பதும் இதனால்தான். 2022 பிப்ரவரியில் மத்திய அரசு, சில்லறைக் கடைக்கு 30 குவிண்டால், மொத்த வியாபாரிக்கு 500 குவிண்டால் என்று எண்ணெய் இருப்புக்கு வரம்பு விதித்ததை இந்தக் கண்கொண்டே நாம் பார்க்கிறோம்.

பழைய சரக்கைப் புதிய விலைக்கு விற்பது ஹராமா என்று வியாபாரிகள் நம்மிடம் கேட்டதுண்டு. அது ஹராம் என்று நாம் கூறவில்லை. விற்ற பணத்தைக் கொண்டு அடுத்த சரக்கை ஏறிய விலையில்தானே அவர் வாங்கியாக வேண்டும்! ஆனால் அதே நியாயம் விலை இறங்கும்போதும் பொருந்த வேண்டும். ஏறும்போது நாளைய விலை, இறங்கும்போது நேற்றைய விலை என்று இரு படிக்கற்கள் வைத்திருப்பவர், அளவையில் குறை செய்பவரை ஒத்தவராகிறார். இருந்தும் இல்லை என்று சொல்வதோ அப்பட்டமான பொய். அதற்கு விளக்கமே தேவையில்லை.

பொட்டலத்தின் கேள்விக்குப் பதில்

இனி, தொடக்கத்தில் விட்ட இடத்திற்கு வருவோம். கமிட்டிக்கு நாம் கொடுத்த பதில் இது.

ரமலான் பொட்டலத்தின் பணம் வறியவருக்கென்று கொடுக்கப்பட்ட அமானிதம். அதில் செக்குக்காரரைக் காப்பாற்றப் புறப்பட்டால், எண்ணெய் கிடைக்காத பாதிக் குடும்பங்களே அந்த உதவியின் செலவைச் சுமக்கும். அவர்களைக் கேளாமல் அவர்களுடைய பங்கிலிருந்து தர்மம் செய்ய நமக்கு உரிமை இல்லை. ஆகவே பொட்டலத்தில் பாமாயிலே இருக்கட்டும்.

ஆனால் அத்தோடு நிறுத்தினால் அது பாதி நீதியே. மலிவு எண்ணெயால் நாம் அனைவரும் மிச்சம் பிடித்தோம். அந்த மிச்சத்திற்காக ஒருவர் தொழிலை இழந்துகொண்டிருக்கிறார். அவருக்கு நாம் எதுவும் கடன்பட்டிருக்கவில்லை என்று சொல்ல முடியுமா? ஆகவே ஜமாஅத்தின் பொது நிதியிலிருந்து வட்டியில்லாக் கடனாக அவருக்கு உதவுவோம். வசதியுள்ள வீட்டார் தம் சொந்தச் செலவில் அவரிடம் எண்ணெய் வாங்குவோம் என்றோம். அவரும் கூட்டத்தில் இருந்தார். சற்று நேரம் பேசாமல் இருந்துவிட்டு, பொட்டலத்தைக் குறைத்து என் எண்ணெயை வைத்திருந்தால் எனக்கே அது இறங்கியிருக்காது என்றார். அந்தச் சொல் இன்னும் நம் உள்ளத்தில் நிற்கிறது.

நாட்டிற்கும் இதையே நாம் பொருத்திப் பார்க்கிறோம். இறக்குமதியின் நன்மையை மக்கள் அனைவரும் பெறட்டும். அதனால் நலியும் விவசாயிக்கு அரசு தன் கருவூலத்திலிருந்து நேரடியாக, வெளிப்படையாக ஈடு செய்யட்டும். ஏழையின் அடுப்பிலிருந்து எடுத்து விவசாயிக்குக் கொடுப்பதாகச் சொல்லும் வரி, வழியிலேயே சிந்திப் போவதைக் கண்டோம். இதற்கு மறுப்பும் உண்டு. ஈடு செய்வதாகச் சொன்ன அரசுகள் பல வேளைகளில் அதைச் செய்வதில்லை. வரியாவது கண்ணுக்குத் தெரிகிறது என்பார்கள் விவசாயிகள். அந்தக் குறையை நாம் மறுக்க இயலாது. தேவையில் பாதிக்கு மேல் அந்நியர் கையில் இருப்பதன் ஆபத்தை 2022இல் கண்ட பிறகு, உள்நாட்டு விளைச்சலுக்கு ஒரு விலை கொடுத்தாக வேண்டும் என்பதும் நியாயமே. அந்த விலையை எவர் கொடுப்பது என்பதில்தான் நம் வேண்டுகோள்: ஏழையிடமிருந்து தொடங்காதீர்கள்.

இறுதியாக, நம் மஹல்லா வியாபாரச் சகோதரர்களிடம் மூன்று கோரிக்கைகள். கடை வாயிலில் அன்றன்றைய எண்ணெய் விலையை எழுதி வையுங்கள். ஏற்றும் வேகத்திலேயே இறக்குங்கள். சரக்கு இருக்கும்போது இல்லை என்று சொல்லாதீர்கள். வாங்கும் சகோதரர்களிடம் ஒரு கோரிக்கை: பஞ்சச் செய்தி கேட்டவுடன் ஐந்து டின் வாங்கி வீட்டில் அடுக்காதீர்கள். வீட்டில் அடுக்குவதும் ஒருவகைப் பதுக்கலே. அன்று மாலை ஒரே ஒரு பாக்கெட் வாங்க வரும் கூலித் தொழிலாளிக்கு அது இல்லாமல் போகிறது.

நேர்மையான வியாபாரத்தையும் போதுமென்ற மனத்தையும் வல்ல இறைவன் நம் அனைவருக்கும் வழங்குவானாக! ஆமீன். வஸ்ஸலாம்.